தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவதா? லிவர்பூல் 1981, லண்டன் 2011

2011 டிசம்பர் 30ஆம் தேதி, முப்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அமைச்சரவைக் கோப்புகளை பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ், பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு 1981இல் எழுதிய கடிதம் ஒன்று அதில் இருந்தது. விஷயம் லிவர்பூல் நகரம். கலவரத்தில் எரிந்து ஓய்ந்திருந்த அந்த நகரத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்று அரசுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் வேலையில் செலவழித்துவிடக் கூடாது என்று ஹவ் எழுதியிருந்தார். நகரத்தை நிதானமாகத் தேயவிடுவது என்ற வழியையும் அடியோடு மறந்துவிட வேண்டாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இந்தச் சொல்லைத் தனிப்பட்ட பேச்சில்கூடப் பயன்படுத்தக் கூடாது.

கடிதம் வெளியானபோது, தான் அப்படி ஒரு திட்டத்தை முன்மொழியவில்லை, எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் கொட்ட வேண்டாம் என்றுதான் எச்சரித்தேன் என்று ஹவ் விளக்கம் தந்தார். அதைப் பொய் என்று தள்ள நான் தயாரில்லை. ஆனால் 5 லட்சம் பேர் வாழும் ஊரைத் தேயவிடுவதும் ஒரு வழிதான் என்று நாட்டின் கஜானாவைக் கையில் வைத்திருந்தவர் எழுதினார். அதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கலவரத்துக்குப் பிறகு ஆள்பவர்கள் மேடையில் பேசுவது ஒன்று, கோப்பில் எழுதுவது இன்னொன்று. இந்த ஆய்வு அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. கடிதம் வெளியானதற்கு நான்கு மாதம் முன்புதான் லண்டன் மறுபடி எரிந்திருந்தது. அதனால் 1981ஐயும் 2011ஐயும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

1981: ஏப்ரலிலிருந்து ஜூலை வரை

ஆண்டின் தொடக்கமே துக்கத்தில் விடிந்தது. ஜனவரி 18 அன்று தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸ் பகுதியில், பிறந்தநாள் விருந்து நடந்த வீடு ஒன்றில் தீப்பிடித்து 13 கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். விசாரணையில் காட்டப்பட்ட அலட்சியமும் மேலிடத்தின் மௌனமும் மக்களைக் கொதிக்கவைத்தன. மார்ச் 2 அன்று ஏறத்தாழ 20,000 பேர் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அமைதியாக வைக்கப்பட்ட முறையீடு அது. அதற்கு உருப்படியான பதில் வரவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் போலீஸ் ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது. சீருடை இல்லாத காவலர்கள் தெருவில் போவோரை நிறுத்திச் சோதனை போட்டார்கள். சில நாட்களுக்குள் 943 பேர் நிறுத்தப்பட்டு, 118 பேர் கைதானார்கள். அந்த நடவடிக்கைக்கு 'ஸ்வாம்ப் 81' என்று பெயர் வைத்தார்கள். ஸ்வாம்ப் என்றால் மூழ்கடிப்பது. வேற்றுக் கலாச்சாரத்தினர் வந்து நாட்டை மூழ்கடித்துவிடுவார்களோ என்ற அச்சம் மக்களுக்கு இருப்பதாக 1978இல் தாட்சர் தொலைக்காட்சியில் பேசியபோது வந்த அதே சொல். கறுப்பின இளைஞர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 10 முதல் 12 வரை பிரிக்ஸ்டன் எரிந்தது. 279 காவலர்களும் பொதுமக்களில் 45 பேரும் காயமடைந்தார்கள்.

ஜூலை 3 அன்று லிவர்பூலின் டோக்ஸ்டெத் பகுதியில் ஒரு கைதை ஒட்டித் தகராறு வெடித்தது. பிரிட்டனின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று அது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை வேர் போகும். ஆனால் சொந்த ஊரின் மையக் கடைத்தெருவில் அந்த முகங்களை வேலையில் பார்ப்பது அரிது. துறைமுக வேலைகள் கன்டெய்னர் காலத்தோடு கரைந்துவிட்டன. டன்லப் தொழிற்சாலை 1979இல் மூடியது, டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலை 1981 ஏப்ரலில் மூடியது. 1930களில் 8 லட்சத்தைத் தாண்டியிருந்த நகரத்தின் மக்கள்தொகை 1981இல் 5 லட்சம் அளவுக்கு வந்திருந்தது. ஜூலை 6 விடியற்காலையில், பிரிட்டனின் பெருநிலப் பகுதியில் முதன்முறையாகக் கலவரக் கூட்டத்தின்மீது கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. அன்று சுடப்பட்டவற்றில் கதவைத் துளைத்து உள்ளே போவதற்காகச் செய்யப்பட்ட குண்டுகளும் இருந்தன. ஆட்கள்மீது சுடக் கூடாத ரகம் அது, சிலர் காயப்பட்டார்கள். அந்த மாதக் கடைசியில், மாற்றுத்திறனாளி ஒருவர் போலீஸ் வாகனம் மோதி இறந்தார். அதற்கு முன்பே மான்செஸ்டரின் மாஸ் சைடு, பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் என்று ஊர் ஊராகத் தீ பரவியிருந்தது.

ஒரே அமைச்சரவை, மூன்று மனங்கள்

தாட்சரின் நிலைப்பாடு தெளிவாக இருந்தது. நடந்தது குற்றம், அதை எதுவும் நியாயப்படுத்தாது. பிரிக்ஸ்டன் எரிந்தபோதே நம்பிக்கையையும் இன நல்லிணக்கத்தையும் பணம் கொடுத்து வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார். டோக்ஸ்டெத் காட்சிகளைப் பார்த்து முதலில் அவர் பரிதாபப்பட்டது கடைக்காரர்களுக்காக. இதைக் கேலியாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலவரத்தில் முதலில் எரிவது பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே பிழைக்கும் சிறு வியாபாரியின் வாழ்க்கை. அவருக்காக மனம் பதறாத ஆட்சியாளர் இருந்தால்தான் பயப்பட வேண்டும். அந்தப் பதற்றம் அடுத்த கேள்விக்கு நகர மறுத்ததுதான் குறை. ஜூலை 13 அன்று அவர் லிவர்பூலுக்கே போனார். பொழுது போகாமல்தான் இளைஞர்கள் இப்படிச் செய்தார்கள் என்று அங்கே சிலர் சொன்னார்கள். வீடுகளைச் சுற்றி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த புல்லையும் குவிந்து கிடந்த குப்பையையும் பார்த்ததும் அந்த விளக்கம் தவறு என்று தனக்குப் புரிந்ததாகப் பின்னாளில் நினைவுக்குறிப்பில் எழுதினார். வேலை கண்முன்னே கிடக்கிறதே, ஏன் செய்யவில்லை என்பது அவர் கேள்வி. அந்தப் புல்லை மனதில் வைத்திருங்கள், கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

அதே ஆண்டு அக்டோபரில் கட்சி மாநாட்டில் வேலைவாய்ப்பு அமைச்சர் நார்மன் டெபிட் பேசினார். 1930களில் வேலையிழந்த தன் தந்தை கலவரம் செய்யவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போனார் என்றார். அடுத்த சில மாதங்களிலேயே, 1982 ஜனவரியில், நாட்டில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது.

இரண்டாவது மனம் ஹவ்வுடையது. அதில் கோபமே இல்லை, கணக்குதான். இந்த ஊருக்கு இனி எதிர்காலம் இல்லை, ஆட்களை அருகிலுள்ள வளரும் ஊர்களுக்கு நகர்த்தலாம் என்ற கணக்கு. தண்டிக்கக் கிளம்பும் கோபத்தைவிட எனக்கு இதுதான் அச்சம் தருகிறது. ஏனென்றால் தண்டனை வெளிப்படையாக வரும், அதை எதிர்த்து வாதாடலாம். ஒரு நகரத்தைக் கைவிட முடிவானால் அது பள்ளிக்கூடம் மூடுவதாகவும் பேருந்து குறைவதாகவும் காலி வீட்டு ஜன்னலில் அடிக்கப்படும் தகரமாகவும்தான் வந்து சேரும். யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க முகவரி இருக்காது.

மூன்றாவது, சுற்றுச்சூழல் துறை அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன். அவர் அந்தக் கோடையில் மூன்று வாரம் லிவர்பூலில் போய்த் தங்கினார். தெருக்களில் நடந்தார், மக்கள் திட்டியதைக் கேட்டார். வங்கி, காப்பீடு, ஓய்வூதிய நிதி நிறுவனங்களின் தலைவர்களை ஒரு பேருந்தில் ஏற்றி அந்தத் தெருக்களைச் சுற்றிக் காட்டினார். உங்கள் பணம் இந்தப் பக்கம் ஏன் வருவதில்லை என்று கேட்டார். ஆளுக்கொரு திறமையான மேலாளரை ஓராண்டுக்கு அனுப்பச் சொன்னார். திரும்பி வந்து அமைச்சரவைக்கு அவர் எழுதிய குறிப்பின் தலைப்பு 'ஒரு கலவரம் தேவைப்பட்டது'. அரசாங்கமே தன் குறையை ஒப்புக்கொள்ளும் தலைப்பு அது. கலவரம் வெடிக்காமல் இருந்திருந்தால் இந்த ஊர்ப்பக்கம் நாம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம் என்று சக அமைச்சர்களிடம் சொன்ன மாதிரி.

அவர் கேட்ட அளவு பணம் கிடைக்கவில்லை. கருவூலம் இழுத்துப் பிடித்தது. ஆனாலும் லிவர்பூல் அடங்கிய மெர்சிசைடு வட்டாரத்துக்கென்று ஒரு சிறப்புக் குழு அமைந்தது. 1984இல் நாட்டின் முதல் சர்வதேசத் தோட்டத் திருவிழா லிவர்பூல் ஆற்றங்கரைக் குப்பை மேட்டில் நடந்து, 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1972இல் மூடிக் கிடந்த ஆல்பர்ட் டாக் கிடங்குகள் சீரமைக்கப்பட்டு, 1988இல் அங்கே டேட் கலைக்கூடம் திறந்தது. 2012இல் நகரம் அவருக்குத் தன் உயரிய கௌரவத்தை அளித்தது, அதுவும் அவர் கட்சிக்கு வாக்களிக்காத நகரம்.

சரி, இதை வெற்றிக்கதை என்று முடித்துவிடலாமா? முடியாது. பணம் போனது ஆற்றங்கரைக்கு. கலவரம் நடந்த டோக்ஸ்டெத் தெருக்களில் வேலையில்லாத் திண்டாட்டம் அப்படியே இருந்தது. ஆற்றங்கரையில் எழுந்த கட்டடங்களில் அங்குள்ள கறுப்பின இளைஞர்களுக்குக் கிடைத்த வேலை சொற்பம். அக்கறையோடு வந்தவரின் கண்ணுக்கும் பார்க்க அழகாக மாறக்கூடிய இடம்தான் முதலில் பட்டது.

நீதிபதி நடந்த தெருக்கள்

பிரிக்ஸ்டன் கலவரம் ஓய்ந்த சில நாட்களில், உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா நீதிபதி ஸ்கார்மன் பிரபுவை விசாரணைக்கு நியமித்தார். 1964 போலீஸ் சட்டத்தின் கீழ் அமைந்த விசாரணை என்பதால், சாட்சிகளை அழைக்கவும் பதில் கேட்கவும் அதிகாரம் இருந்தது. நவம்பர் 25 அன்று அறிக்கை வந்தது. போலீஸ்மீதான கோபத்தில்தான் இளைஞர்கள் வெடித்தார்கள், ஸ்வாம்ப் 81 நடவடிக்கை தவறு, இனரீதியான பின்னடைவு என்பது பிரிட்டனின் நடப்பு உண்மை என்று எழுதினார். அதே மூச்சில், நிறுவனமயமான இனவாதம் பிரிட்டனில் இல்லை என்றும் எழுதினார். அந்த வாக்கியத்தை ஒரு அரசு விசாரணை திருத்துவதற்கு 18 ஆண்டு ஆனது. கறுப்பின மாணவர் ஒருவரின் கொலை வழக்கைப் போலீஸ் கையாண்ட விதத்தை விசாரித்த மேக்பெர்சன் அறிக்கைதான் 1999இல் அதைச் செய்தது.

குறை இருந்தாலும், ஸ்கார்மன் அறிக்கையால் நடைமுறை மாறியது. சோதனை போடவும் கைது செய்யவும் போலீசுக்குள்ள அதிகாரங்களை எழுத்தில் கட்டிவைத்த 1984ஆம் ஆண்டின் சட்டத்துக்கு அது வலுச் சேர்த்தது. போலீஸ்மீதான புகார்களை மேற்பார்வையிட 1985இல் தனி அமைப்பு வந்தது. சந்தேகம் என்ற ஒற்றைக் காரணத்துக்காக ஆளைப் பிடிக்க உதவிய 1824ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு 1981லேயே நீக்கப்பட்டது. அந்தக் கோரிக்கை கலவரத்துக்குப் பல ஆண்டு முன்பிருந்தே எழுந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1985இல் ஹேண்ட்ஸ்வொர்த், பிரிக்ஸ்டன், டாட்டன்ஹாமின் பிராட்வாட்டர் ஃபார்ம் குடியிருப்பு மறுபடி வெடித்தன. அப்போது பிரதமர் அலுவலக ஆலோசகர்களாக இருந்த ஆலிவர் லெட்வினும் ஹார்ட்லி பூத்தும் எழுதிய குறிப்பு 2015 டிசம்பரில் வெளியானது. கெட்ட ஒழுக்கமும் மனப்போக்கும்தான் கலவரத்துக்குக் காரணம், கறுப்பின இளைஞர்கள் தொழில் தொடங்கப் பணம் கொடுத்தால் அது டிஸ்கோவுக்கும் போதைப்பொருளுக்கும் போகும் என்று அதில் இருந்தது. லெட்வின் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குறிப்பு பூட்டிக் கிடந்த காலத்திலேயே, 2011 ஆகஸ்ட்டில், அவர் பிரதமர் டேவிட் கேமரூனின் அரசில் கொள்கை வகுக்கும் அமைச்சராக இருந்தார்.

2011: ஒரே குரல்

ஆகஸ்ட் 4 அன்று டாட்டன்ஹாமில் 29 வயது இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. இரு தரப்பும் சுட்டுக்கொண்டதாகப் பத்திரிகையாளர்களுக்குப் போன தகவல் தவறு என்று புகார் ஆணையம் பிறகு ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 6 அன்று குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தினரும் காவல் நிலைய வாசலில் மூத்த அதிகாரி ஒருவர் வந்து பேசட்டும் என்று மணிக்கணக்கில் காத்து நின்றார்கள். பொழுது சாய்ந்தது. அன்று இரவு டாட்டன்ஹாம் எரிந்தது. அடுத்த நான்கு நாட்களில் ஹாக்னி, கிராய்டன், ஈலிங், பர்மிங்காம், சால்ஃபோர்ட் என்று பரவியது. ஐந்து பேர் இறந்தார்கள். டோக்ஸ்டெத்திலும் மறுபடி தீ.

ஆள்பவர்களில் பலர் விடுமுறையில் இருந்தார்கள். பிரதமர் டேவிட் கேமரூன் இத்தாலியில், லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் கனடாவில். திரும்பி வந்ததும் கேமரூன் நடந்ததற்கு ஒரு பெயர் வைத்தார்: கலப்படமில்லாத குற்றச்செயல். ஆகஸ்ட் 15 அன்று தன் தொகுதியில் ஆற்றிய உரையில் இது இனத்தைப் பற்றியதோ, வறுமையைப் பற்றியதோ, அரசின் செலவுக்குறைப்பைப் பற்றியதோ இல்லை, நடத்தையைப் பற்றியது என்றார். மெதுவாக நடந்துவந்த ஒழுக்கச் சரிவு என்றும் சொன்னார். டாட்டன்ஹாம் அடங்கிய ஹாரிங்கே நகராட்சி அந்த ஆண்டு தன் 13 இளைஞர் மையங்களில் எட்டை மூடியிருந்தது. கலவரம் அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை என்று முதல் வாரத்திலேயே எப்படி முடிவு செய்ய முடிந்தது?

பெயர் வைத்ததும் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்தன. நீதிமன்றங்கள் இரவு முழுக்க நடந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். சிறைத்தண்டனை சராசரியாக 17 மாதம். முந்தைய ஆண்டு இதே வகைக் குற்றங்களுக்குச் சராசரி நான்கு மாதத்துக்கும் குறைவு. மூன்றரை பவுண்டு மதிப்புள்ள தண்ணீர் பாட்டில்களை எடுத்த ஒரு மாணவருக்கு ஆறு மாதம். ஃபேஸ்புக்கில் கலவரத்துக்கு அழைப்பு விடுத்த இரண்டு இளைஞர்களுக்குத் தலா நான்கு ஆண்டு. அவர்கள் அழைத்து எந்தக் கலவரமும் நடக்கவில்லை. கடை எரிந்தவருக்கு நீதி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்தத் தண்ணீர் பாட்டிலுக்கான ஆறு மாதம் அவருக்கு எந்த வகையில் நீதி ஆகும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் கருவி வாங்கும் படலம். ஜான்சன் 2014இல் ஜெர்மனியிலிருந்து மூன்று பழைய நீர்பீய்ச்சி வண்டிகளை வாங்கினார். பழுதுபார்த்தது உட்பட 3 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு. அவற்றைப் பயன்படுத்த உள்துறை அமைச்சர் தெரசா மே 2015இல் அனுமதி மறுத்தார். ஒரு தடவைகூடத் தெருவுக்கு வராத அந்த வண்டிகள் 2018இல் 11,025 பவுண்டுக்குப் பழைய இரும்பாகப் போயின.

ஸ்கார்மன் விசாரணை மாதிரி ஒன்று இந்த முறை அமைக்கப்படவில்லை. டாரா சிங் தலைமையில் ஒரு குழு பாதிக்கப்பட்ட ஊர்களில் மக்களைச் சந்தித்து, 2012 மார்ச்சில் இறுதி அறிக்கை தந்தது. கவனிப்பாரற்ற 5 லட்சம் குடும்பங்களைப் பற்றியும் போலீஸ்மீதான அவநம்பிக்கையைப் பற்றியும் அது பேசியது. சாட்சியைக் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பரிந்துரைகளில் பெரும்பாலானவை கிடப்பில் போயின. லண்டன் பொருளியல் பள்ளியும் கார்டியன் நாளிதழும் கலவரத்தில் ஈடுபட்ட 270 பேரிடம் நேரில் பேசியபோது, போலீசின் நடத்தையை முக்கியக் காரணமாக 85 சதவீதம் பேர் சொன்னார்கள். அரசு கேட்க மறுத்த கேள்வியை வெளியாட்கள் கேட்டு வாங்கிய பதில் இது.

அரசு எடுத்துக்கொண்ட பெரிய திட்டம், 'தொல்லையில் சிக்கிய குடும்பங்கள்' என்று 1,20,000 குடும்பங்களைத் திருத்துவது. ஒதுக்கியது 44.8 கோடி பவுண்டு. அந்த 1,20,000 என்ற எண்ணிக்கை வறுமை, நோய், மோசமான வீடு போன்றவற்றை அளந்த பழைய கணக்கெடுப்பிலிருந்து வந்தது. குற்றத்தை அது அளக்கவே இல்லை. ஏழையாக இருப்பதும் தொல்லை கொடுப்பதும் ஒரே பட்டியலுக்குள் வந்துவிட்டன. 2015இல் 99 சதவீத வெற்றி என்று அறிவித்தார்கள். 2016இல் வெளியான சுயேச்சை மதிப்பீடு, திட்டத்தால் குறிப்பிடத்தக்க விளைவு ஏற்பட்டதற்குச் சீரான சான்று இல்லை என்றது.

அந்த ஐந்து நாட்களில் ஆட்சிப் பொறுப்பில் இல்லாத ஒருவர் செய்ததையும் பதிவு செய்ய வேண்டும். பர்மிங்காமில் தெருவைக் காத்து நின்ற மூன்று இளைஞர்கள் கார் மோதி இறந்தார்கள். பழிவாங்கும் கலவரம் வெடிக்கும் என்று நகரமே நடுங்கியபோது, இறந்தவர்களில் ஒருவரின் தந்தை கூட்டத்தின் முன் நின்று, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

மறுபடி அந்தப் புல்

டோக்ஸ்டெத்தின் கிரான்பி தெருப் பகுதிக்குத் திரும்புவோம். கலவரத்துக்குப் பின் அங்கே வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நகராட்சி அவற்றை வாங்கித் தகரம் அடித்து மூடியது. சுற்றியிருந்த தெருக்கள் இடிக்கப்பட்டு, கடைசியில் நான்கு தெருக்கள் மிஞ்சின. அவற்றையும் இடிக்கும் திட்டம் 2002க்குப் பிறகு வந்தது. எந்தச் சொல்லை வெளியே சொல்ல வேண்டாம் என்று ஹவ் எழுதினாரோ, இந்த நான்கு தெருக்கள் அனுபவித்ததற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. மத்தியில் யாரும் அப்படித் திட்டமிட்டார்களா என்பது வேறு கேள்வி. வாசலில் நின்று பார்த்தவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

அங்கே தங்கிவிட்ட சிலர், பெரும்பாலும் பெண்கள், தெருவைத் தாங்களே கூட்டத் தொடங்கினார்கள். குப்பையை அள்ளினார்கள், அடைத்துக் கிடந்த ஜன்னல்களுக்கு வண்ணம் பூசினார்கள், நடைபாதையில் தொட்டி வைத்துச் செடி வளர்த்தார்கள், மாதச் சந்தை நடத்தினார்கள். இடிக்கும் திட்டத்தை எதிர்த்து மனு மேல் மனு போட்டார்கள். 2011இல் சமூக நில அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து, நகராட்சியிடமிருந்து பத்து வீடுகளைக் கேட்டு வாங்கினார்கள். அசெம்பிள் என்ற இளம் வடிவமைப்புக் குழு அவர்களோடு சேர்ந்து அந்த வீடுகளைச் சீரமைத்தது. 2015 டிசம்பரில் அதற்காக அந்தக் குழுவுக்கு பிரிட்டனின் பெயர்பெற்ற கலை விருதான டர்னர் பரிசு கிடைத்தது.

சீர்செய்ய முடியாத அளவுக்கு இடிந்து, கூரையும் தளமும் இல்லாமல் நின்ற இரண்டு வீடுகளை மட்டும் வீடாக்கவில்லை. நடுச்சுவரைத் திறந்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள். மேலே கண்ணாடி வேய்ந்து, உள்ளே மண் கொட்டி மரம் நட்டு, 2019இல் தெருவுக்கான தோட்டமாகத் திறந்தார்கள்.